புகார் சொன்னவருக்கு ஷோ காஸ், உத்தரவு போட்டவருக்கு என்ன? சுங்கை சிப்புட் தொழிலாளர் கேள்வி பதில்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. நான் தோட்டத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து பிறகு தொழிற்சங்க வேலைக்கு வந்தவன். ஈப்போவில் தொழிலியல் உறவு இலாகாவுக்கும் தொழில் நீதிமன்றத்துக்கும் பலரோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல் அல்ல. வழக்கு என்று வந்தால் வக்கீலையும் பாருங்கள். கேட்டவர்கள் யார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

அண்ணே, செம்பனை ஆலையில் எடை மேடைக் கிராணியாக இருக்கிறேன். வராத லோரிக்கு எடை போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்கள். முதலில் மேனேஜரிடம் சொல்வதா, கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதா?

தம்பி, இரண்டுக்கும் முன்னால் எஸ்பிஆர்எம். லஞ்ச ஊழல் தடுப்பு ஆணையத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம், அதற்கு ஈப்போவில் அலுவலகம் இருக்கிறது.

காரணம் இதுதான். தகவல் தருவோரைப் பாதுகாக்க 2010-இல் வந்த சட்டம், அதாவது சட்டம் 711, அரசாங்க அமலாக்க அமைப்பிடம் சொன்னவரை மட்டுமே பாதுகாக்கிறது. எஸ்பிஆர்எம், போலீஸ், சுற்றுச்சூழல் இலாகா போல விசாரிக்கவும் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் உள்ள இடமாக அது இருக்க வேண்டும். மேனேஜர் அப்படிப்பட்டவர் அல்ல. சுவரில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஹாட்லைனும் அல்ல. அந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு அடுத்த வாரம் வேலை போனால், சட்டம் 711-ஐக் காட்டி நீங்கள் எதுவும் கேட்க முடியாது. நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'நேர்மையாக முதலில் நம் பெரியவரிடமே சொல்லிவிடுவோம்' என்று நினைக்கிறார்கள். நல்ல மனசு, ஆனால் அந்தப் பெரியவருக்குப் பங்கு போகிறதா என்பது உங்களுக்குத் தெரியாதே.

எஸ்பிஆர்எம்மில் புகார் கொடுக்கும்போது, 'சட்டம் 711-இன் கீழ் பாதுகாப்பு வேண்டும்' என்று வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். பாதுகாப்பு என்பது மூன்று விஷயம்: உங்கள் பெயரும் தகவலும் வெளியே போகக் கூடாது, நீங்கள் சொன்னதற்காக உங்கள்மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போடக் கூடாது, பழிவாங்கக் கூடாது. பழிவாங்கினால் 1 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 15 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். 2025-இல் இந்தச் சட்டத்தில் திருத்தங்கள் கொண்டுவந்தார்கள். அதனால் உங்கள் புகாருக்கு இன்றைக்கு எந்த விதி பொருந்தும் என்று அதிகாரியிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆலையின் அசல் பேப்பரை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். திருட்டு என்று உங்கள்மேலேயே போலீஸ் ரிப்போர்ட் போட அது ஒன்றே போதும். தேதி, டிக்கெட் எண், லோரி எண், அந்த நேரத்தில் யார் பக்கத்தில் நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். பேப்பரைக் கைப்பற்ற எஸ்பிஆர்எம்முக்கு அதிகாரம் இருக்கிறது.

நானும் அந்த மாதிரி டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது போய்ச் சொன்னால் நானே உள்ளே போய்விடுவேனா?

இந்தக் கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். ஆபத்து இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தகவல் சொன்னவரே அந்தத் தப்பில் பங்கெடுத்திருந்தால் பாதுகாப்பை ரத்து செய்யச் சட்டம் 711-இல் இடம் இருக்கிறது. ஆகவே எஸ்பிஆர்எம் வாசலுக்குப் போகும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். காசு இல்லையென்றால் வக்கீல் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையம் ஈப்போவில் உண்டு. ஆனால் ஒன்று. மேலே இருப்பவர்களுக்கு உங்கள் கையெழுத்துதான் கவசம். விவகாரம் வெடித்தால் 'கிராணி செய்தான், எங்களுக்குத் தெரியாது' என்று அந்த டிக்கெட்டைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். முதலில் போய்ச் சொல்பவருக்கும் பிடிபட்ட பிறகு சொல்பவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இன்னொரு டிக்கெட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டால்தானே அண்ணே எல்லாரும் பயப்படுவார்கள்?

பயப்படுவார்கள். பிறகு உங்கள்மேல் வழக்குப் போடுவார்கள். பொதுவில் போட்டதற்குச் சட்டம் 711 துணைக்கு வராது.

ரஃபிஸி ரம்லி வழக்கை நினைத்துப் பாருங்கள். மாடு வளர்ப்புத் திட்டத்துக்காக அரசாங்கம் என்எப்சி நிறுவனத்துக்கு 25 கோடி வெள்ளி கடன் கொடுத்திருந்தது. அது தொடர்பான வங்கிக் கணக்கு விவரங்களை 2012-இல் அவர் செய்தியாளர்களிடம் வெளியிட்டார். உடனே வங்கி இரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது, அவர்மேலும் ஒரு வங்கி ஊழியர்மேலும். 2018 பிப்ரவரியில் 30 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2019 நவம்பரில் மேல்முறையீட்டில்தான் ரஃபிஸி விடுதலை ஆனார். அவர் நாடறிந்த அரசியல்வாதி, பின்னால் ஒரு கட்சியே நின்றது. அவருக்கே ஏழு வருஷம் பிடித்தது என்றால் மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கட்டும் நமக்கு எவ்வளவு பிடிக்கும்?

2020-இல் கிள்ளானில் டாப் கிளவ் கையுறை ஆலையில் ஒரு நேப்பாளத் தொழிலாளி, கோவிட் நேரத்தில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பதைப் படம் எடுத்தார். படம் வெளியே போனதும் அவருக்கு வேலை போனது. அதே வருஷக் கடைசியில் அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று வந்ததை நாடே பார்த்தது. அந்தப் படம் ஒரு எச்சரிக்கை, எடுத்தவருக்குக் கிடைத்ததோ வேலை நீக்கம். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

புகார் கொடுத்த பிறகு என்னை ஆபீசிலிருந்து உர ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஓவர்டைம் இல்லை. ஆபீஸ் வீட்டையும் காலி செய்யச் சொல்கிறார் மேனேஜர். அவமானமாக இருக்கிறது, ராஜினாமா கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கொடுக்காதீர்கள் அம்மா. குறைந்தது இதைப் படித்து முடிக்கும் வரையாவது கொடுக்காதீர்கள். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உங்கள் வழக்கை நீங்களே மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம். கம்பெனிக்கு வேண்டியதே அந்த ஒரு வரிதான்.

பதவியைக் குறைத்து, சம்பளத்தைக் குறைத்து, இருக்க முடியாதபடி செய்து ஆளை வெளியே தள்ளுவதும் வேலை நீக்கம்தான் என்று நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். முதலில் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்: எந்தத் தேதியில் என்ன மாற்றினார்கள், என் வேலை ஒப்பந்தத்துக்கு இது எப்படி விரோதம், இத்தனை நாளில் சரி செய்யுங்கள் என்று. சரி செய்யாமல் நீங்கள் வெளியேற வேண்டி வந்தால், அந்தக் காரணத்தை எழுதிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டுப் போனால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். வீட்டு விஷயத்தில் வாய்ப்பேச்சுக்கு நகராதீர்கள், கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதமும் பழிவாங்கலுக்கு ஒரு சாட்சி.

வேலை போன நாளிலிருந்து 60 நாள். 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம் 20-ஆவது பிரிவின்படி அதற்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு போட வேண்டும். 61-ஆவது நாள் போனால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். 'மேனேஜர் பேசித் தீர்க்கலாம் என்றார், தீபாவளி முடியட்டும் என்றார்' என்று காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேசுவது பேசட்டும், மனு போட்டுவிட்டுப் பேசுங்கள். மனு போடக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் சங்கத்தின் மூலமும் போகலாம். சமரசம் ஆகவில்லை என்றால் 2021 முதல் இலாகா தலைமை இயக்குநரே வழக்கை நேராகத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். அதற்கு முன்பு அமைச்சர் முடிவு செய்யும் வரை காத்துக்கிடக்க வேண்டும். ஜெயித்தால் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதத்துக்குக் கிடைக்கும், தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம்.

ஷோ காஸ் கடிதம், அதாவது காரணம் கேட்கும் கடிதம், வந்தால் பதில் போடாமல் இருக்கலாமா?

கூடாது. கெடுவுக்குள் பதில் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். உள்விசாரணைக்குச் சாட்சி கூட்டிப்போங்கள், விசாரணைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். விசாரணைக்காக உங்களை நிறுத்திவைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்றானால் மீதிப் பாதியும் வர வேண்டும். இது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம்.

நான் மருந்து அடிக்கும் வேலை செய்கிறேன். கிழிந்த கையுறையோடு அடிக்கச் சொன்னார் மண்டோர் (கங்காணி). முடியாது என்றதற்கு அடுத்த நாளே உரம் தூக்கப் போட்டுவிட்டார்.

தங்கச்சி, உங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு: வேலை ஆபத்தானது என்று புகார் சொன்னதற்காக ஒருவரை நீக்குவதும் அவர் நிலையைக் கெடுப்பதும் குற்றம். 2024 ஜூன் முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதைச் சரிசெய்யாதபோது அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. ஜேகேகேபி என்ற வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா, அதில் தெளிப்பு வேலைப் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். டப்பாவில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாராகுவாட் என்றால் அது 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. இருந்தால் அது தனிப் புகார்.

அந்த விஷத்தைப் பற்றி நம் தோட்டத்துப் பெண்கள் எத்தனை வருஷமாகச் சொன்னார்கள் தெரியுமா? மூக்கில் இரத்தம் வருகிறது, நகம் கழன்று போகிறது என்று சொன்னவர்களை 'வேலை செய்ய வணங்காதவள்' என்று எழுதி வைத்தார்கள்.

எல்லாம் சரி ஐயா. கடைசியில் மாட்டுவது மண்டோரும் கிராணியும்தானே? பெரிய தலை எப்போதாவது மாட்டியிருக்கிறதா?

கோபம் நியாயமானது. செர்பா டைனமிக் என்ற நம் நாட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் அதன் தணிக்கையாளர் கேபிஎம்ஜி, 454 கோடி வெள்ளி மதிப்புள்ள கணக்குகளில் சந்தேகம் எழுப்பியது. நிறுவனம் என்ன செய்தது? தணிக்கையாளர்மேலேயே வழக்குப் போட்டது. உலகப் பெயர் பெற்ற தணிக்கை நிறுவனத்துக்கே இந்தக் கதி. அந்த வருஷ டிசம்பரில் பொய்க் கணக்குக் காட்டியதாக நிறுவனத்தின்மேலும் அதன் உயர் அதிகாரிகள்மேலும் குற்றம் சாட்டினார்கள். 10 ஆண்டு வரை சிறை போகக்கூடிய குற்றச்சாட்டு. 2022-இல் மொத்தம் 1 கோடியே 60 லட்சம் வெள்ளி தண்டம் கட்டினார்கள், வழக்கு அதோடு முடிந்தது. பங்கு வாங்கியவர்களின் காசு போனது போனதுதான்.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தது 2016-இல் அம்பலமானது. வேலை போன சுமார் 5,300 பேரில் பெரும்பாலோர் கீழ்மட்ட ஊழியர்கள். ஹாட்லைனில் புகார் சொன்னதற்காகவே நீக்கப்பட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. தலைவர் ஜான் ஸ்டம்ப் சிறைக்குப் போகவில்லை. 2020-இல் 1 கோடியே 75 லட்சம் டாலர் அபராதமும் வங்கித் தொழிலில் ஆயுள் தடையும் மட்டும்தான்.

ஏன் தப்பிக்கிறார்கள்? உத்தரவு வாயால் வருகிறது, கையெழுத்து கீழே விழுகிறது. 'எனக்குத் தெரியாது' என்பதை உடைக்க அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் ஒரு தாளும் இருப்பதில்லை. நம் நாட்டில் இதற்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. எஸ்பிஆர்எம் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் லாபத்துக்காக அதைச் சேர்ந்த யார் லஞ்சம் கொடுத்தாலும் நிறுவனமே குற்றவாளி. இயக்குநர்களும் நிர்வாகத்தில் உள்ளவர்களும் தங்களுக்குச் சம்மதம் இல்லை, தடுக்க வேண்டியதைச் செய்தோம் என்று தாங்களே நிரூபிக்க வேண்டும். அபராதம் லஞ்சத் தொகையைப் போல 10 மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, இதில் எது அதிகமோ அதற்குக் குறையக் கூடாது. 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் இது லஞ்சத்துக்கு மட்டும். ஆலைக் கழிவை ஆற்றில் விடுவதற்கோ சம்பளத் திருட்டுக்கோ இது வராது. அதுவும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால்தான் எழுத்தில் எழுத்தில் என்று அடித்துக்கொள்கிறேன். அமலாக்க அமைப்பிடம் புகார் பதிவான பிறகு, அதிகாரியைக் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்றால் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபால் போடுங்கள். அதைப் பெற்றுக்கொண்டவர் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

எங்கள் தோட்டத்தில் வங்காளதேசத் தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டை ஆபீசில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாம் தலையிடலாமா?

தலையிடலாம், தலையிட வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். தொழிலாளர் இலாகாவில் சொல்லுங்கள். நம் தாத்தா பாட்டியும் இப்படித்தான் கப்பலில் வந்து இறங்கினார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்காகப் பேசி அடிபட்டவர் ஐரீன் பெர்னாண்டஸ். கெடாவில் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர், தெனாகானிதா அமைப்பின் தலைவி. தடுப்பு முகாம்களில் நடக்கும் கொடுமைகளை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். 1996-இல் பொய்ச் செய்தி வெளியிட்டதாக அவர்மேல் வழக்கு வந்தது. 2003-இல் 12 மாதச் சிறை என்று தீர்ப்பு. 2008-இல்தான் விடுதலை. அத்தனை காலமும் அவர் வேலையை விடவில்லை.

பெயர் போடாமல் கடிதம் போட்டால் போதாதா?

போடலாம், எஸ்பிஆர்எம் வாங்கும். ஆனால் யார் என்று தெரியாதவருக்குச் சட்டம் 711 பாதுகாப்பு எப்படித் தர முடியும்? சின்ன ஆலையில் எடை மேடையைத் தொடுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான், கடிதத்தைப் படித்தாலே யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர் சொல்லிப் பாதுகாப்புக் கேட்பதே மேல் என்பது என் எண்ணம்.

வருவதென்றால் வேலை நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இபிஎப் (சேமநிதி) அறிக்கை, வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். ஷோ காஸ் வந்தவர்கள் கடிதம் வந்த அன்றைக்கே கூப்பிடுங்கள். வேலை போனவர்கள் போன தேதியை முதல் வரியிலேயே எழுதி அனுப்புங்கள், அந்த 60 நாளை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.