ஹட்டனுக்கு மாசி, பண்டாரவளைக்கு ஆடி: மலையகத்தில் வெயில் கால வீட்டுத்தோட்டம்

கேள்வி: ஐயா, நாங்கள் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு போக மிச்ச இடத்தில் மூன்று பாத்தி கட்டியிருக்கிறேன். மார்கழிக் கடைசியில் தக்காளிக் கன்று நட்டேன், தை பிறந்ததும் போஞ்சியும் மல்லியும் போட்டேன். இப்போது மாசி முடியப் போகிறது. போஞ்சிப் பூ கொட்டுகிறது. தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. ஒரு செடி தண்ணீர் ஊற்றியும் தொங்கிவிட்டது. மல்லி ஒரு சாண் வளருமுன்னே பூத்துவிட்டது. எங்களுக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பண்டாரவளையில் இருக்கிற அக்கா தை முழுக்கப் பை பையாகப் போஞ்சி பறித்தாள், அதைப் பார்த்துத்தான் நானும் போட்டேன். யூடியூபில் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். வெயில் காலத்தில் மலையில் மரக்கறி போடவே கூடாதா?

பதில்: தாராளமாகப் போடலாம். உங்களுக்குத் தப்பியது நாள்தான். உங்கள் அக்கா பறித்தது தையில் என்றால், விதைத்தது கார்த்திகையில் இருக்கும். அதற்கு மேல் இன்னொரு விஷயமும் உண்டு: அக்காவின் கார்த்திகையும் உங்கள் கார்த்திகையும் ஒன்றல்ல.

மலையகம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் மழைக்கு இங்கே இரண்டு வாசல். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, வட்டவளை எல்லாம் மேற்குச் சரிவு. வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதுகிற பக்கம். பண்டாரவளை, வெலிமடை, பதுளை எல்லாம் ஊவா. தென்மேற்குக் காற்று மழையை உங்கள் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி அங்கே வெறும் காய்ந்த காற்றாக வீசும். அதனால் ஆனி, ஆடி, ஆவணிதான் அவர்களுக்கு வறட்சி. அவர்களுடைய பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை நிற்கும். கார்த்திகையில் உங்கள் அக்கா விதைத்த போஞ்சிக்கு வானமே தண்ணீர் ஊற்றியது. நீங்கள் தையில் விதைத்தது, உங்கள் பக்கம் மழை ஓய்ந்து வெயில் ஏறுகிற நேரத்தில்.

இதற்குக் கலண்டர்கூட வேண்டாம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறுகிறார்களே, அதில் முதல் மூன்று மாதமும் உங்கள் வெயில் காலம். மலையேறத் தோதான காலம் என்று பெரியவர்கள் அதைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

யூடியூப் காணொளிகளில் நல்ல விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலும் அவை தமிழ்நாட்டுச் சமவெளிக்குச் சொல்வது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை நம் பாட்டன் பூட்டன்மார் காப்பித் தோட்டக் காலத்தில் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். ஆடியில் ஹட்டனில் விதைத்தால் விதை மழையில் அழுகும், பண்டாரவளையில் விதைத்தால் காற்றில் காயும். இந்த இரண்டு ஊருக்கும் ஒத்துவராத பழமொழியை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இனி உங்கள் செடிகள்.

போஞ்சிப் பூ கொட்டுவதற்கு வெயிலின் சூட்டைக் குறை சொல்ல முடியாது. ஹட்டன் உயரத்தில் வெப்பம் 30 பாகையைத் தொடுவதே அபூர்வம். காய்ந்த காற்றும், பூக்கிற நேரத்தில் வேருக்குத் தண்ணீர் விட்டு விட்டுக் கிடைப்பதும்தான் பூவைக் கொட்டுகிறது. யூரியா கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும், இலை தழைக்கும், பூ நிற்காது. போஞ்சி விதைத்து 35, 40 நாளில் பூக்கும், 55, 60 நாளில் பறிக்கலாம். அப்படியென்றால் மாசி நடுவில் விதைத்தால், பங்குனிக் கடைசியில் பின்னேர இடிமழை தொடங்குகிற நேரம் பூ வரும், வைகாசிப் பெருமழைக்கு முன் பறித்து முடிக்கலாம். இந்த முறை போட்டதைப் பிடுங்க வேண்டாம். காற்று வருகிற பக்கம் ஒரு பழைய சாக்கையோ பச்சை வலையையோ கட்டிவிட்டு, வருகிற மழைக்குக் காத்திருங்கள். கொடிப் போஞ்சியாக இருந்தால் இன்னொரு சுற்றுப் பூக்கும். செடிப் போஞ்சியாக இருந்தால் அவ்வளவு நம்பிக்கை வேண்டாம்.

தக்காளியின் அடி கறுப்பது நோய் இல்லை. ஆகவே கடையில் மருந்து கேட்டு நிற்காதீர்கள், கேட்டால் ஏதாவது ஒரு போத்தலை எடுத்துத் தந்துவிடுவார்கள். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம், போய்ச் சேராததால் வருகிற கோளாறு இது. இரண்டு காரணம். ஒன்று, தண்ணீர் ஒழுங்கில்லாமை: மண் காய்ந்து கிடந்து திடீரென நனைந்தால் வேரால் கல்சியத்தை ஒரே சீராக மேலே அனுப்ப முடியாது. மற்றது நம் மண். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், அமில காரக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது சந்தோஷமாக வளரும். மரக்கறிக்கு 6, 6.5 வேண்டும். தேயிலை நின்ற காணியில் வீடு கட்டி, அதே மண்ணில் தக்காளி நட்டால் அதற்குக் கல்சியம் எங்கிருந்து வரும்?

மருந்து டொலமைட், அதாவது சுண்ணாம்புக்கல் வகைத் தூள். ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தூவி, மண்ணோடு கொத்திக் கலந்து, இரண்டு மூன்று கிழமை விட்டு நட வேண்டும். டொலமைட்டோடு யூரியாவையும் பச்சைச் சாணத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், பசளையின் சத்து ஆவியாகப் போய்விடும். விறகு அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், காசும் இல்லை. பாத்திக்கு ஓரிரு கைப்பிடி போதும். உருளைக்கிழங்கு போடுகிற பாத்திக்கு மட்டும் சாம்பல் வேண்டாம், கிழங்கின் தோலில் சொறி வரும். முட்டைக் கோதை நொறுக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போடலாம், தப்பில்லை, ஆனால் அது கரைந்து வேருக்குப் போவதற்குள் இந்தத் தக்காளி பழுத்து முடிந்துவிடும். இப்போதைக்குக் கறுத்த காய்களைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரைச் சீராக்குங்கள். அடுத்து வருகிற காய்கள் நன்றாக வரும்.

தொங்கிப்போன அந்த ஒரு செடிதான் எனக்குக் கவலை. மத்தியானம் தொங்கி, பின்னேரம் நிமிர்ந்தால் பயமில்லை. பூசணிகூட அப்படித்தான், உச்சி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொள்ளும். காலையிலும் தொங்கிக் கிடந்தால் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். செடியை வேரும் மண்ணுமாக எடுத்து அப்புறப்படுத்துங்கள். கூட்டெருக் குழியில் போட வேண்டாம். அந்த இடத்தில் சில வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், கறிமிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் கூடாது, எல்லாம் ஒரே குடும்பம். சோளம், கோவா போடலாம். மேட்டில் இருக்கிற பாத்தி என்றால் அதன் தண்ணீர் கீழ்ப் பாத்திக்கு வழியாமல் வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். மண்வெட்டியையும் கழுவுங்கள்.

பால் நூல் வராவிட்டால் பிரச்சினை தண்ணீர்தான், அதற்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லீற்றர். வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் வளர்ந்த பயிர் நிற்கிற ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய நாலு லீற்றரை இழக்கும். எட்டடிக்கு நாலடிப் பாத்தி மூன்று சதுர மீட்டர் அளவு வரும். ஒருநாளைக்கு 12 லீற்றர், ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 24. பத்து லீற்றர்ப் பூவாளியில் இரண்டரை. நம்மில் பலர் செய்வது என்னவென்றால், தினமும் அரைப் பூவாளியைத் தெளித்துவிட்டு மேல்மண் கறுத்ததும் போதும் என்று போய்விடுவது. அப்படித் தெளித்தால் வேர் மேலேயே சுற்றும், அடுத்த வெயிலில் அதுதான் முதலில் காயும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருவது உங்களுக்குக் குறையே இல்லை. வருகிற நாளில் காலையிலேயே ஆழமாக ஊற்றுங்கள். மறுநாள் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் செடிக்குப் போதும்.

ஊற்றியதைக் காப்பாற்றுவது மூடாக்கு. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை பிடுங்கிய மலையில் மறுபடி கன்று வைக்குமுன் மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் நட்டு, வெட்டி வெட்டிப் போடுவார்களே, அதே வேலைதான் இங்கேயும். பூவுக்கும் விதைக்கும் முந்திய புல்லாகப் பார்த்து அறுத்து, இரண்டு மூன்று அங்குலம் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மூடாக்குப் போட்ட பாத்திக்கு இரண்டரைப் பூவாளிக்குப் பதில் இரண்டு போதும். பெருமழை பிடித்ததும் அதை ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நத்தைக்கு நீங்கள் வீடு கட்டிக் கொடுத்தது போலாகும்.

பாத்தியின் உருவத்தையும் மாற்றுங்கள். வருடம் முழுக்க மேட்டுப் பாத்தியே போடுவது நம் பழக்கம். வைகாசி மழைக்கு அது சரி. தை, மாசியில் மேடு எல்லாப் பக்கமும் காற்றில் காயும். வெயில் காலத்துக்கு நிலமட்டத்திலிருந்து நாலு அங்குலம் பள்ளமாக, சரிவுக்குக் குறுக்கே பாத்தி எடுத்தால் ஊற்றிய தண்ணீர் ஓடாமல் நிற்கும்.

அரிசி கழுவிய தண்ணீரையும் மரக்கறி கழுவிய தண்ணீரையும் தயங்காமல் ஊற்றலாம். உடுப்புத் தோய்த்த தண்ணீர் வேண்டாம். பீப்பாயில் தண்ணீர் சேர்த்து வைத்தால் இறுக்கி மூடுங்கள், திறந்து கிடந்தால் டெங்கு நுளம்பு பெருக அது போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் தக்காளிக்கு என்று சொல்லித் தப்ப முடியாது.

நாற்றுக்கு நிழல் கொடுக்கிறேன் என்று தெளிந்த பொலித்தீனால் மூடிவிடாதீர்கள். நான் ஒருமுறை நோக்கோல் நாற்றை அப்படி மூடிவிட்டுக் காலையில் பதுளைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் சாதத்தோடு சாப்பிடலாம் போல வெந்து கிடந்தது. பாதி வெயில் உள்ளே விடுகிற வலை போதும். அதுவும் நட்ட முதல் பத்து நாளுக்குத்தான், அப்புறம் எடுத்துவிட வேண்டும்.

நுவரெலியா, அம்பேவெல பக்கம் இருப்பவர்களுக்கு வேறு தலையிடி. இதே தை, மாசியில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் வானம் தெளிந்திருந்தால் உறைபனி விழும். காலையில் இலை கருகியதைப் பார்த்து வெயில் என்று நினைப்பார்கள், இரவில் நடந்தது தெரியாது. பின்னேரமே சாக்கால் மூடுங்கள், அல்லது விடியுமுன் எழுந்து தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். அங்கே உருளைக்கிழங்குக்காரர்கள் செய்வது அதைத்தான். தக்காளியைக் கூடாரம் இல்லாமல் அந்த உயரத்தில் இந்த மாதங்களில் முயற்சி செய்வது வீண். இரவு 13 பாகைக்குக் கீழே இறங்கினால் பூத்தாலும் காய் பிடிப்பது கஷ்டம்.

உங்களுக்குத் தக்காளி வெயில் காலப் பயிர்தான், அதை விட்டுவிடாதீர்கள். மழைக் காலத்தில் ஒரே கிழமையில் செடியைக் கருக்கித் தள்ளுகிற வெளிறல் நோய்க்கு இலையில் ஈரம் வேண்டும், அது இப்போது கிடைக்காது. கார்த்திகையில் மழை படாமல் நாற்றுப் போட்டு, மார்கழி முதல் வாரமே நட்டுவிட்டால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே வேர் கீழே இறங்கிவிடும். நீங்கள் மூன்று கிழமை பிந்திவிட்டீர்கள், அவ்வளவுதான். முள்ளங்கி, பீட்ரூட், கீரை வகைகளும் இந்தக் காலத்தில் நன்றாக வரும்.

அசுவினியும் சிவப்புச் சிலந்தியும் வெயிலோடு சேர்ந்தே வரும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே பாதி போய்விடும். வேப்பிலை பறித்து இடியுங்கள் என்பார்கள். ஹட்டனில் வேப்ப மரத்துக்கு எங்கே போவது? வேப்பெண்ணெய் வாங்கி, சவர்க்காரக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். பன்றிக்கும் குரங்குக்கும் என்னிடம் வைத்தியம் இல்லை. நோய் அடையாளம் தெரியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள், அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மல்லி மிச்சம். வெயிலும் தாகமும் பட்டால் அது அவசரப்பட்டுப் பூக்கும், பூத்த பிறகு இலைக்குத் திரும்பாது. அதைப் பிடுங்காதீர்கள். அந்தப் பூவுக்கு வருகிற சின்ன ஈக்களின் புழு அசுவினியைத் தின்னும். விதை முற்றிப் பழுப்பானதும் பறித்துக் காயவையுங்கள். விதைக்கிற அன்று ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும்படி உள்ளங்கையால் தேய்த்து, போஞ்சிப் பந்தலின் நிழல் விழுகிற பக்கமாக, இரண்டு கிழமைக்கு ஒரு பிடி என்று தூவுங்கள்.