சரக்கும் எரிபொருளும் சுமந்த ஸ்குவாட்ரன்களின் வரலாற்றில் படிக்க என்ன இருக்கிறது?

கேள்வியின் சாரம் இது: விமானப்படை வரலாறு என்றாலே ஃபைட்டர், பாம்பர் ஸ்குவாட்ரன்களின், அதாவது வானில் சண்டை போடும், குண்டு போடும் விமானப் பிரிவுகளின் கதைதான். துணை வேலை பார்த்த ஸ்குவாட்ரன்கள் வேறு ரகமா? அவற்றின் வரலாற்றில் படிக்கிற அளவுக்கு ஏதாவது உண்டா?

வேறு ரகமெல்லாம் இல்லை. இது புரிய எனக்கே பல வருடம் ஆனது. பள்ளி நாட்களில் பிளாஸ்டிக் விமான மாடல்கள் ஒட்டுகிற பைத்தியம் எனக்கு உண்டு. ஸ்பிட்ஃபயர் மட்டும் மூன்று ஒட்டியிருப்பேன். பரிசாக வந்த டகோட்டா பெட்டி பிரிக்கப்படாமலே பரணில் கிடந்தது. சரக்கு வண்டியைப் போய் யார் உட்கார்ந்து ஒட்டுவார்கள்? பின்னாளில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் வரலாற்றையும் தனித்தனியாகப் படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஒரு ஸ்குவாட்ரனில் நிலையாக நிற்பது அதன் எண் மட்டும்தான். விமானம் மாறும், தளம் மாறும், வேலையே தலைகீழாக மாறும்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 31-ஆவது ஸ்குவாட்ரனைப் பாருங்கள். 1915-இல் உருவாகி, அந்த ஆண்டின் கடைசியிலேயே இந்தியாவுக்கு வந்தது. 'இந்திய வானில் முதலில்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம்தான் அதன் குறிக்கோள் வரி. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வடமேற்கு எல்லையில் வேவு பார்த்தது, குண்டு போட்டது. 1939-இல் அந்த வேலைக்கு வைத்திருந்த விமானங்களுக்குப் பதிலாக வாலன்ஷியா என்ற, ஆள் ஏற்றிச் செல்லும் பெரிய இரட்டை இறக்கை விமானம் வந்தது. அன்றைய விமானிகள் இதைப் பதவி இறக்கமாக நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஸ்குவாட்ரனின் பெரிய நாட்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

1944-இல் ஜப்பானியப் படை இம்பாலைச் சுற்றி வளைத்தது. சாலை அறுந்துபோனது. உள்ளே ஒன்றரை லட்சம் பேர். அரிசி, மாவு, குண்டு, மருந்து, கடிதம் எல்லாமே வானத்திலிருந்துதான் வர வேண்டும். டகோட்டா ஓட்டிய 31, 194 போன்ற பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களும் அமெரிக்கப் பிரிவுகளும் சேர்ந்து முற்றுகைக் காலத்தில் இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் சுமார் 19,000 டன் பொருள்களையும் 12,000 பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. திரும்பும் வழியில் காலி விமானம் வீணாகப் பறக்கவில்லை, காயம்பட்டவர்கள் சுமார் 13,000 பேர் அதில் வெளியே வந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில், பர்மாக் காட்டுக்குள் ஜப்பானியரின் முதுகுக்குப் பின்னால் இறக்கப்பட்ட, சிண்டிட் என்ற பிரிட்டிஷ் தரப்புப் படைகளுக்காகக் கோவேறு கழுதைகளைக்கூட டகோட்டாவில் ஏற்றிப் பறந்திருக்கிறார்கள். மிரண்ட கழுதை விமானத்துக்குள் என்ன பாடு படுத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. பர்மாப் போர்முனையில் பட்டு, நைலான் பாராசூட்டுகளுக்குக் கடும் பஞ்சம். ஐரோப்பாவுக்கே அவை போதவில்லை. அங்கே போரிட்ட பிரிட்டிஷ் பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம்மின் ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைகளைப் பிடித்தார்கள். சாக்குப் பை நெய்கிற இடத்தில் பாராசூட் நெய்தார்கள். மனிதன் அதில் குதிக்க முடியாது, ஆனால் பெட்டி இறங்கும். விலையோ வழக்கமான பாராசூட்டின் விலையில் சிறு பங்குதான். அரிசிக்கு அதுவும் வேண்டியதில்லை. இரண்டு சாக்கில் கட்டி, வெளிச்சாக்கைத் தொளதொளவென்று விட்டு, தாழப் பறந்து உருட்டிவிட்டார்கள். உள்சாக்கு வெடித்தாலும் அரிசி வெளிச்சாக்கிலேயே தங்கிவிடும்.

அப்புறம் நம் நாட்டு உதாரணம். இந்திய விமானப்படையின் 12-ஆவது ஸ்குவாட்ரன் 1945 டிசம்பர் 1 அன்று, இன்று பாகிஸ்தானில் இருக்கும் கோஹாட்டில் ஸ்பிட்ஃபயர்களோடு பிறந்தது. மறு ஆண்டே அதன் கையில் டகோட்டா. 1947 அக்டோபர் 27 காலை, முதலாம் சீக்கியப் படையணியின் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கியவை இந்த ஸ்குவாட்ரனின் விமானங்களும், அவசரமாகத் திரட்டப்பட்ட தனியார் நிறுவன டகோட்டாக்களும்தான். காஷ்மீரைத் தாக்கப் பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த பழங்குடிப் படையினர் அப்போது நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீநகர் விமானத்தளம் பறிபோயிருந்தால் ஃபைட்டர்கள் எவ்வளவு இருந்தும் பயன் இருந்திருக்காது, இறங்க இடமே இல்லை.

1948 மே 24 அன்று இந்திய விமானப்படையின் ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை லடாக்கிலுள்ள லேயில் இறக்கினார். 10,000 அடிக்கும் மேலே, அவசரமாகச் செப்பனிட்ட மண் ஓடுபாதை. கூட வந்த பயணி ஜெனரல் திம்மையா. டகோட்டாவில் காற்றழுத்த வசதி கிடையாது, அதன் உச்ச உயரத்தை ஒட்டிப் பறந்தால்தான் இடையிலுள்ள மலைகளைத் தாண்ட முடியும். இதே காஷ்மீர் போரில் டகோட்டாவின் சரக்குக் கதவு வழியாகக் குண்டுகளைக் கையால் தள்ளிவிட்டு அதைப் பாம்பராகவும் பயன்படுத்தினார்கள். துணை ஸ்குவாட்ரன், போர் ஸ்குவாட்ரன் என்று நாம் போடுகிற கோடு அந்தக் கதவருகே நின்று குண்டை உருட்டியவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதெல்லாம் நெருக்கடியில் தேவைக்காக மாறிய கதை என்று யாராவது சொல்லலாம். சரி, அப்படியானால் 101-ஆவது ஸ்குவாட்ரனுக்கு வருவோம். பிரிட்டிஷ் விமானப்படையில் 1917-இல் இரவுக் குண்டுவீச்சுக்காகத் தொடங்கப்பட்டது. 1943 அக்டோபரிலிருந்து இதன் லங்காஸ்டர் பாம்பர்களில் ஏழு பேருக்குப் பதில் எட்டுப் பேர் பறந்தார்கள். எட்டாமவருக்கு ஜெர்மன் மொழி தெரியும். ஜெர்மன் தரைக்கட்டுப்பாட்டாளர்கள் தங்கள் இரவு ஃபைட்டர்களுக்கு எந்த அலைவரிசையில் வழி சொல்கிறார்கள் என்று தேடிப் பிடித்து, அதில் இரைச்சலை ஊற்றுவதுதான் அவர் வேலை. குண்டும் சுமந்தார்கள், மற்ற ஸ்குவாட்ரன்களுக்குக் குடையும் பிடித்தார்கள். மற்றவர்கள் ஓய்வெடுத்த இரவுகளிலும் இவர்கள் தேவைப்பட்டதால், பிரிட்டிஷ் பாம்பர் பிரிவில் மிக அதிகமாக ஆட்களை இழந்த ஸ்குவாட்ரன்களில் இதுவும் ஒன்று.

1982-இல் இதே 101-இல் வல்கன் பாம்பர் ஓட்டியவர் மார்ட்டின் விதர்ஸ். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில், அட்லாண்டிக்கிலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து 6,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போர்ட் ஸ்டான்லி ஓடுபாதையில் குண்டு போட்டது அவருடைய விமானம்தான். 21 குண்டுகளில் ஒன்று ஓடுபாதையில் விழுந்தது. அது பெரிய வெற்றியா என்று இன்றும் சண்டை நடக்கிறது, அதை விடுங்கள். நான் சொல்ல வருவது அந்த ஒரு வல்கனை அங்கே கொண்டுசேர்க்கக் கிளம்பிய 11 விக்டர் டேங்கர்களைப் பற்றி, அதாவது பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊற்றும் விமானங்களைப் பற்றி.

ஒரே டேங்கர் அவ்வளவு தூரம் கூடவே போனால், கொடுக்க வேண்டிய எரிபொருளைத் தானே குடித்துவிடும். அதனால் டேங்கரே டேங்கருக்கு ஊற்றி, ஊற்றியது திரும்பி, மிச்சமிருப்பது முன்னே போகும் ஏற்பாடு. கடைசிக் கட்டத்தில் புயல் மேகத்துக்குள் இரண்டு விக்டர்கள் இணைந்திருந்தபோது, வாங்கிக்கொண்டிருந்ததன், எரிபொருளை உள்வாங்கும் முன்குழாய் உடைந்துவிட்டது. தெற்கே கடைசி வரை போக வேண்டிய விமானம் அதுதான். கொடுத்துக்கொண்டிருந்த பாப் டக்ஸ்ஃபோர்ட், கொடுத்த எரிபொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதன் இடத்தில் போனார். வல்கனோ கணக்கிட்டதைவிட அதிகமாகக் குடித்திருந்தது. டக்ஸ்ஃபோர்ட் தன் குழுவைக் கேட்டுவிட்டு, தான் தளத்துக்குத் திரும்ப வேண்டிய எரிபொருளிலிருந்து எடுத்து ஊற்றினார். இனி வேறொரு டேங்கர் வந்து ஊற்றாவிட்டால் கடலில்தான் இறங்க வேண்டும். அந்த டேங்கரைக் கூப்பிட்டாலோ வானொலி மௌனம் கலைந்து வல்கன் காட்டிக்கொடுக்கப்படும். குண்டு விழுந்ததற்கான சங்கேதச் சொல் காதில் விழும்வரை வாயைத் திறக்காமல் பறந்தார்கள். பிறகு ஒரு டேங்கர் எதிரே வந்து காப்பாற்றியது.

விதர்ஸுக்கு எதிரியோடு மோதிப் பறந்தவர்களுக்கான பதக்கம் கிடைத்தது. டக்ஸ்ஃபோர்டுக்குக் கிடைத்தது ஏர் ஃபோர்ஸ் கிராஸ், விதிப்படி அது எதிரியோடு நேரடியாக மோதாத பறப்புக்கு உரியது. உங்கள் கேள்வியிலிருக்கும் அந்தப் பாகுபாடு பதக்கப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் விக்டர்களை ஓட்டிய 55, 57 இரண்டுமே பழைய பாம்பர் ஸ்குவாட்ரன்கள், விக்டரே அணுகுண்டு சுமப்பதற்காகப் பிறந்த விமானம். இரண்டே வருடத்தில், 1984-இல், 101-உம் விசி 10 டேங்கர்களோடு எரிபொருள் ஊற்றும் ஸ்குவாட்ரன் ஆனது. இன்றும் அதே வேலைதான்.

இந்த வரலாறுகளைப் படிக்க விரும்பினால் புகழ்பெற்ற நாட்களைத் தேடிப் போகாதீர்கள். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் மாதாமாதம் எழுதிய நடவடிக்கைப் பதிவேடுகள் அவர்களின் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. படிவம் 540 நாட்குறிப்பு. படிவம் 541-இல் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனி வரி. நாட்குறிப்பை எழுதும் வேலை பெரும்பாலும் வேண்டாவெறுப்பாகச் செய்யப்பட்டது, அது வரிக்கு வரி தெரியும். நான் 541-இலிருந்துதான் தொடங்குவேன். என்ன ஏற்றினார்கள், எங்கே போட்டார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள். திரும்பிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியில் இருக்கும் பெயர்களை ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவேன்.