வாசகர் வினா விடை: கோப்ளின் அம்புகளும் கறுப்புச் சிலந்தியும்

மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 'லொஸ்ட் மைன் ஒஃப் ஃபான்டெல்வர்' என்னும் சாகசத்தை ஆடியவர்கள் தமது கருத்துகளை எழுதியனுப்பலாம் என்று கடந்த இதழில் கேட்டிருந்தோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளை எனக் கொழும்பின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆடாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். 2014ஆம் ஆண்டு விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் ஐந்தாம் பதிப்பு விதிகளோடு வெளியிட்ட தொடக்கப் பெட்டியில் இருந்த 64 பக்கப் புத்தகமே இந்தச் சாகசம். அதனுடன் 32 பக்க விதிநூலும், ஆயத்தமாக எழுதப்பட்ட ஐந்து பாத்திரத் தாள்களும், ஆறு பகடைகளும் இருந்தன. ஒருவர் டன்ஜன் மாஸ்டராக அமர்ந்து கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடுவார்கள். நெவர்விண்டர் நகரிலிருந்து ஃபான்டலின் என்ற சிற்றூருக்குச் சாமான் வண்டி கொண்டுசெல்லும் சாதாரண வேலை, அந்த வேலையைக் கொடுத்த கண்ட்ரன் என்ற குள்ளரையே தேடிப் போகும் பயணமாக மாறி, ஐந்நூறு ஆண்டுகளாக மறைந்துகிடந்த சுரங்கமொன்றில் முடிகிறது. பாத்திரங்கள் முதலாம் லெவலில், அதாவது முதலாம் திறன் நிலையில், தொடங்கி ஐந்தாம் லெவலை எட்டும். கதையின் மர்மங்கள் கீழே வெளிப்படுவதால், இனிமேல்தான் ஆடவிருப்பவர்கள் இந்தப் பக்கத்தை எடுத்துவைத்துவிட்டுப் பிறகு படிப்பது நல்லது.

கேள்வி: முதல் மோதலிலேயே எங்கள் ஐந்து பேரும் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் அம்பு பட்டு வீழ்ந்துவிட்டோம். ஆட்டத்தை நடத்திய நண்பர், எல்லோரும் இறந்துவிட்டதாகச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். புதியவர்களுக்கென்று விற்கப்படும் சாகசம் இப்படியா இருக்க வேண்டும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இந்தச் சாகசத்தைப் பற்றி ஆட்டக்காரர்கள் சொல்லும் குறைகளுள் மிகப் பரவலானது இதுவே, அது நியாயமான குறையும்கூட. பாதையின் இரு மருங்கிலும் பற்றைக்குள் நான்கு கோப்ளின்கள் பதுங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏழு ஹிட் பொயின்ட் (உயிர்ப் புள்ளி), பாதுகாப்பு எண் 15, அதாவது அவற்றைத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண். தாக்கும்போது இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு நான்கைக் கூட்டிக்கொள்கின்றன. அம்பு தைத்தால் சராசரியாக ஐந்து பொயின்ட் போய்விடும். முதலாம் லெவல் மந்திரவாதிக்கு மொத்தமே எட்டுப் பொயின்ட் அளவில்தான் இருக்கும் என்பதால், இரண்டு அம்புகள் போதும், அவர் தமது முறை வருமுன்னரே தரையில் கிடப்பார். பகடையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் ஒருவருக்கு இதை முதல் அனுபவமாக வைத்தது வடிவமைப்பின் குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் உங்கள் ஆட்டம் அங்கே முடிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கோப்ளின்கள் வென்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் புத்தகமே சொல்லியிருக்கிறது: அவை பாத்திரங்களை மயக்க நிலையில் விட்டுவிட்டு, வண்டியையும் மடிசீலையையும் கொள்ளையடித்துக்கொண்டு தமது குகைக்குத் திரும்பிவிடும். மயக்கம் தெளிந்தவர்கள் ஃபான்டலினுக்கு நடந்து போய், புதிய ஆயுதங்கள் வாங்கிக்கொண்டு, அதே இடத்துக்கு மீண்டும் வந்து தடம் தேடலாம். தோற்றவர்கள் கையில் எதுவுமில்லாமல் ஊருக்குள் நுழைவது, வென்றவர்கள் நுழைவதைவிடச் சுவையான தொடக்கம் என்பது என் எண்ணம். மேலும், இரண்டு கோப்ளின்கள் அருகே பாய்ந்து வாளால் வெட்ட, மற்ற இரண்டும் தூரத்தில் நின்று அம்பெய்யும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. நான்கும் சேர்ந்து ஒரே ஆளைக் குறிவைக்கும்படி நடத்தினால் எந்தக் குழுவும் தாங்காது.

இதைவிடக் கொடிய ஆபத்து அடுத்த குகையில் இருக்கிறது. அங்குள்ள கிளார்க் ஒரு பக்பேர், கோப்ளின்களைவிடப் பெரிய முரட்டுப் பிராணி; அதன் ஓர் அடி சராசரியாகப் பதினொரு பொயின்ட்டைப் பறிக்கும். ஆனால் அதே குகையில் யீமிக் என்ற கோப்ளின், கிளார்க்கின் தலையைக் கொண்டுவந்தால் பணயக் கைதியை விடுவிப்பதாகப் பேரம் பேசுகிறது. புதியவர்களுக்கு இந்தச் சாகசம் கற்றுத்தரும் உண்மையான முதற்பாடம் அந்தப் பேரம்தான் என்பேன். வாளை உறையிலிட்டுவிட்டுப் பேசவும் இந்த விளையாட்டில் இடமுண்டு என்பது அங்கேதான் பலருக்கும் விளங்குகிறது.

கேள்வி: கறுப்புச் சிலந்தி, கறுப்புச் சிலந்தி என்று கதை முழுவதும் பெயர் மட்டும் அடிபட்டது. கடைசியில் சுரங்கத்தில் நேரே கண்டபோது இரண்டே சுற்றில் செத்துப்போனார். அவர் யார், எதற்காக இவ்வளவும் செய்தார் என்பது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. நடத்தியவரோ, இது மிக அருமையாகப் பின்னப்பட்ட கதை என்று இன்றுவரை வாதாடுகிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையது. இருவரும் சொல்வது சரிதான், ஏனென்றால் நீங்கள் இருவரும் ஒரே சாகசத்தைப் பற்றிப் பேசவில்லை. நடத்தியவர் 64 பக்கங்களையும் வாசித்தார். கறுப்புச் சிலந்தியான நெஸ்னார் என்ற டிரௌ (நிலத்தடியில் வாழும் மாய இனம்) இனத்தவர் சுரங்கத்தின் மந்திர உலையைத் தமதாக்கிக்கொள்ள விரும்புவதும், கண்ட்ரன் உள்ளிட்ட ராக்சீக்கர் சகோதரர் மூவருள் ஒருவரைக் கொன்று இன்னொருவரைச் சிறைபிடித்திருப்பதும், கண்ட்ரனை வழிமறிக்கச் செய்ததும் அவருக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்கு எட்டியதோ, கூலிப்படையினரின் வாயிலிருந்து உதிர்ந்த ஒரு பெயர் மட்டும். அச்சிட்ட சாகசம் எதையும் ஆட்டக்காரர் வாசிப்பதில்லை. மேசைக்கு வந்து சேர்ந்ததை மட்டுமே அவர் காண்கிறார். ஆகவே ஒரு சாகசத்தை மதிப்பிடும்போது, புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, அதில் எவ்வளவு ஆட்டக்காரரின் காதுக்குப் போய்ச் சேரும் வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது அளவுகோலில் கறுப்புச் சிலந்தி தோற்றுப்போகிறார். கடைசி அத்தியாயம் வரை அவர் நேரில் வருவதே இல்லை.

இதைத் திருத்துவதற்கு வேண்டிய பொருட்கள் புத்தகத்துக்குள்ளேயே சிதறிக் கிடக்கின்றன. ஃபான்டலினை மிரட்டி வைத்திருக்கும் ரெட்பிராண்ட் கும்பலின் தலைவர் இயார்னோவின் அறையில், சிலந்தி முத்திரையிட்ட கடிதமொன்று இருக்கிறது. அதை வாயால் சுருக்கிச் சொல்லாமல், தாளொன்றில் எழுதி மடித்து ஆட்டக்காரரின் கையிலேயே கொடுத்தால், எதிரியின் குரல் முதன்முறையாக மேசையில் கேட்கும். கண்ட்ரன் சிறைவைக்கப்பட்டிருக்கும் கிராக்மா கோட்டையில், டிரௌ பெண்ணின் உருவத்தில் நிற்கும் டொப்பல்காங்கர் (பிறர் உருவெடுக்கும் பிராணி) இன்னொரு வாய்ப்பு. அதை உடனே வெட்டிச் சாய்ப்பதற்கு முன், தன் எஜமானர் கண்ட்ரனையும் அவருடைய வரைபடத்தையும் எதற்காகக் கேட்கிறார் என்று இரண்டு வசனம் பேசவிட்டாலே பாதிக் கதை வெளிவந்துவிடும். மூன்றாவதாக, மீட்கப்பட்ட கண்ட்ரன் தன் சகோதரர்களைப் பற்றிப் பேச வேண்டும். உடன்பிறந்தவனின் சடலத்தை ஆட்டக்காரர்கள் சுரங்க வாயிலில் காணும்போது, அது யாருடைய சடலம் என்று தெரிந்திருந்தால்தான் அவர்களுக்குச் சிலந்தியின்மீது கோபம் வரும்.

உங்கள் நண்பரிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். கதை அருமை என்று அவர் வாதாடுவதில் தவறில்லை; அந்த அருமையை உங்களோடு பகிர்ந்துகொள்ளாததுதான் குறை.

கேள்வி: மூன்றாம் பகுதியில் ஊரைச் சுற்றிப் பல வேலைகள் தரப்படுகின்றன. எங்கள் குழுவில் இருவருக்கு அது மிகவும் பிடித்தது. இருவர் சலித்துப்போய் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இந்தப் பகுதியைச் சுருக்கிவிடலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: சுருக்க வேண்டாம் என்பதே என் பதில், ஏனென்றால் இந்தச் சாகசத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதற்பகுதி ஆட்டக்காரரைக் கைபிடித்து அழைத்துச்செல்கிறது. மூன்றாம் பகுதி கையை விட்டுவிட்டு, எங்கே போவது என்பதை அவர்களிடமே கேட்கிறது. அகதா என்ற பான்ஷீயிடம் (பெண் பேய்) போகும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சகோதரி கரேல் என்ற குருத்துவப் பெண், ஒரு பழைய மந்திர நூல் எங்கே இருக்கிறது என்று அகதாவிடம் கேட்டுவரும்படி வெள்ளிச் சீப்பொன்றைக் காணிக்கையாகக் கொடுத்தனுப்புகிறார். அகதா ஒரேயொரு கேள்விக்குத்தான் பதில் சொல்வாள். அந்த ஒரு கேள்வியை வாக்குக் கொடுத்தபடி நூலுக்காகச் செலவிடுவதா, அல்லது காணாமற்போன கண்ட்ரன் இருக்கும் இடத்தை அறியச் செலவிடுவதா? இங்கே பகடைக்கு வேலையே இல்லை. உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில், இதே கட்டத்தில் தேநீர் ஆறிப்போகும்வரை நால்வரும் விவாதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சலித்துப்போன அந்த இருவரும் அன்று விவாதத்தில் கலந்துகொண்டார்கள் அல்லவா?

சலிப்புக்குக் காரணம் வேலைகளின் எண்ணிக்கை என்று நான் நினைக்கவில்லை. எல்லா வேலைகளும் ஒரே பின்னேரத்தில், கடைச் சிட்டையை வாசிப்பதுபோல் ஒப்புவிக்கப்படுவதுதான் காரணம். இரண்டை மட்டும் முதலில் காட்டுங்கள். அவற்றுள் ஒன்று முடிந்த பிறகு இன்னொன்றைக் கொண்டுவாருங்கள். கிராக்மா கோட்டை எங்கே இருக்கிறது என்ற துப்பு ஒவ்வொரு வேலையின் முடிவிலும் கிடைக்கக்கூடியதாக வைத்தால், எந்தப் பக்கம் போனாலும் கதை முன்னே நகரும்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் தன் மச்சான்மாரோடு இதை விளையாடக் கேட்கிறான். கொலை, பேய் என்றெல்லாம் இருக்கிறதே, கொடுக்கலாமா ஐயா?
– தாய் ஒருவர், தெஹிவளை

பதில்: கொடுக்கலாம், அம்மா. பெட்டியிலேயே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு: ரெட்பிராண்ட் கும்பல் ஊரிலுள்ள மரச் சிற்பி ஒருவரைக் கொன்று, அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் அடிமையாக விற்பதற்காக நிலவறையில் அடைத்துவைத்திருக்கிறது. சிறுவர்களிடம் நடத்தும்போது தந்தை இன்னும் உயிரோடிருப்பதாக மாற்றிவிட்டாலும் கதைக்கு எந்தப் பழுதும் வராது. அந்தக் குடும்பத்தை விடுவிக்கும்போது பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சி மிகப் பெரியது. நடத்துவதற்குப் பெரியவர் ஒருவரோ, சற்று மூத்த அண்ணாவோ அக்காவோ இருப்பது நல்லது.

கேள்வி: தண்டர்ட்ரீ என்ற பாழூரில் டிராகன் ஒரே மூச்சில் எங்கள் நால்வரையும் வீழ்த்தியது. மூன்றாம் லெவல்காரர்கள் போகும் இடத்தில் அப்படியொரு டிராகனை வைத்தது அநியாயம் இல்லையா?
– வாசகர், வத்தளை

பதில்: இதில் உங்களோடு நான் உடன்படவில்லை. வெனம்ஃபாங் ஓர் இளம் பச்சை டிராகன். அதற்கு 136 ஹிட் பொயின்ட். அதன் நச்சுமூச்சு பன்னிரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்கு, அதாவது சராசரியாக 42 பொயின்ட், சேதம் விளைவிக்கும். மூன்றாம் லெவலில் அதைத் தாங்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. தப்பிக்கும் பகடை வெற்றியாக விழுந்து சேதம் பாதியானாலும், ஹிட் பொயின்ட் குறைந்தவர்கள் நிற்பது கடினம். ஆனால் அதைக் கொல்லும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. அதே ஊரில் வாழும் ரெய்டொத் என்ற ட்ரூயிட் (இயற்கையைப் போற்றும் மந்திரவாதி) டிராகனைப் பற்றிச் சொல்வார். டிராகனும் பேசக்கூடிய, தற்பெருமை மிக்க பிராணி. உயிர் பாதியாகக் குறைந்தால் பறந்து போய்விடும் என்றும் புத்தகத்தில் உண்டு. எல்லா வாசலும் வெல்வதற்காகத் திறந்திருக்கும் உலகத்தில் துணிவுக்கு மதிப்பே இராது. நடத்துபவர் செய்ய வேண்டியது, நஞ்சு பட்டு வாடிக் கிடக்கும் மரங்களையும் பாதி தின்ற எலும்புகளையும் முன்கூட்டியே விவரித்து எச்சரிப்பதுதான். அந்த எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால் உங்கள் மனக்குறை அவரைச் சேர வேண்டும். நடத்துபவர் தம் முன் வைத்திருக்கும் மறைப்புத் திரைக்குப் பின்னால் பகடையை மாற்றி உங்களைக் காப்பாற்றியிருக்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அது தெரியவரும் நாளில் முன்பு பெற்ற வெற்றிகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

கேள்வி: விவரணைப் பகுதிகளை ஆங்கிலத்தில் வாசித்தால் ஆட்டக்காரர் கவனிப்பதில்லை, தமிழில் சொல்லப்போனால் எனக்குத் தடுமாற்றம். என்ன செய்யலாம்?
– வாசகி, மட்டக்குளி

பதில்: புத்தகத்தைப் பார்த்து வாசிக்கவே வேண்டாம். முதல் நாள் இரவு அந்தப் பகுதியைப் படித்து, கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காதில் விழுவது ஒன்று, மணப்பது ஒன்று என மூன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் பேசுவதுபோலவே சொல்லுங்கள். "நடுப் பாதையில் இரண்டு குதிரை செத்துக் கிடக்குது, உடம்பெல்லாம் கறுப்பு இறகு அம்பு" என்று நீங்கள் சொன்னவுடன் மேசை அமைதியாகிவிடும்.

கேள்வி: பழைய பெட்டி இப்போது கிடைப்பதில்லை. 2023இல் வந்த பெரிய புத்தகத்தை வாங்கலாமா?
– வாசகர், நுகேகொடை

பதில்: 2022ஆம் ஆண்டு அந்தப் பெட்டியின் இடத்தில் வேறொரு தொடக்கப் பெட்டி வந்துவிட்டது. நீங்கள் குறிப்பிடும் 'ஃபான்டெல்வர் அண்ட் பிலோ' பழைய சாகசத்தைத் தன்னுள் அடக்கி, அதைப் பன்னிரண்டாம் லெவல் வரை நீட்டிச் செல்கிறது. முதற்பாதி பெரிதும் பழையதே. பிற்பாதி மூளையுண்ணும் விசித்திரப் பிராணிகளின் திகில் கதையாக மாறுகிறது. சிற்றூரின் எளிமைக்காகப் பழையதை நேசித்தவர்களுக்கு அந்தத் திருப்பம் ஒட்டவில்லை, எனக்கும் ஒட்டவில்லை. ரூபா சரிந்த 2022இற்குப் பிறகு இறக்குமதிப் புத்தகங்களின் விலை நம் கைக்கு எட்டாமல் இருப்பதையும் யோசியுங்கள். 19.99 டொலருக்கு வந்த பழைய பெட்டி உறவினர், நண்பர் யாரிடமாவது இருந்தால் அதை இரவல் பெறுவதே மேல். விதிகளுக்குத் தனியாகச் செலவிட வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, விதிகளின் மூல ஆவணமும் 2023 ஜனவரியில், எவரும் பயன்படுத்தவும் பகிரவும் இடமளிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் விடப்பட்டது. புதிய புத்தகத்தைத்தான் வாங்குவதென்றால், செலவை மேசையிலுள்ள எல்லோருமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆனால் வாசிப்பவர் நடத்துபவர் ஒருவராக மட்டுமே இருக்கட்டும்.