தமிழில் கேட்டதால் மாட்டியவன்

கேள்வி: வீடு கூடலூர், குமுளியில் ஏலக்காய்க் கடை. பேத்தியின் முதல் பிறந்தநாள் பத்திரிகையை ஃபேஸ்புக்கில் போட்டேன். அடுத்த வாரமே என் பெயர், என் படத்தோடு இன்னொரு கணக்கு முளைத்து, தெரிந்தவர்களிடமெல்லாம் ‘ஆஸ்பத்திரிச் செலவு, ஜிபேயில் 15,000 போடுங்க’ என்று கேட்டிருக்கிறது. கட்டப்பனை வியாபாரி ஒருவர்தான், “எனக்கு எப்பவும் மலையாளத்துலதானே எழுதுவீங்க, இதென்ன தமிழ்?” என்று போன் போட்டார். பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறதே?

- ஒரு வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: இருபது தடவை மாற்றினாலும் போகாது ஐயா. உங்கள் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை. திண்ணையில் கிடந்ததை எடுத்துப்போய் வேறு தெருவில் கடை விரித்திருக்கிறான், அவ்வளவுதான்.

சரி, யாரிடம் கேட்பது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். நண்பர்கள் பட்டியல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. போடி, புற்றடி ஏலக்காய் ஏலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். செட்டிங்ஸில் அதை ‘நான் மட்டும்’ என்று மாற்றுங்கள். நண்பர் அல்லாதவர்கள் உங்கள் படங்களையும் பதிவுகளையும் பார்க்க முடியாதபடி ப்ரொஃபைல் லாக்கையும் போட்டுவிடுங்கள். அப்புறம் போலிக் கணக்கில் மூன்று புள்ளியைத் தொட்டு, உங்களைப் போல நடிப்பதாகப் புகார் கொடுங்கள். நண்பர்களையும் கொடுக்கச் சொல்லுங்கள். யாராவது பணம் போட்டிருந்தால் அவர் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடட்டும். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளாவிலும் அதே எண்தான். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

இனி அந்தப் பத்திரிகை. பெரிதாக்கிப் பார்த்தேன்: குழந்தையின் பிறந்த தேதி, அம்மா பெயர், கதவு எண், தெரு, இரண்டு செல் நம்பர். ‘பேங்க்கிலிருந்து பேசுகிறேன்’ என்று ஒருவன் இவ்வளவையும் ஒப்பித்தால் நீங்களே நம்பிவிடுவீர்கள். அதை எடுத்துவிடுங்கள். வேண்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பினால் போதும்.

நானும் யோக்கியமில்லை. தேக்கடிப் படகில் உட்கார்ந்தபடியே குடும்பப் படத்தைப் போட்டவன்தான். கரை சேர்வதற்குள் எங்கள் பால்காரர் போனில் வந்தார்: “வீடு பூட்டிக் கிடக்கா? நாளைக்குப் பால் வேண்டாமா?” அன்றிலிருந்து ஊர் திரும்பிய பிறகுதான் படமெல்லாம்.

கட்டப்பனைக்காரரை ஒரு நாள் கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுங்கள். மலையாளத்திலேயே கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் நம்பமாட்டார்.