அந்த கோரஸ் ஏன் சோகத்துல முடியல?

கேள்வி: பாஹோட பி மைனர் மாஸ்ல (சர்ச் வழிபாட்டு இசை) 'குருசிஃபிக்ஸுஸ்' கேட்டேன், இயேசுவ சிலுவைல அறைஞ்சதப் பாடற கோரஸ். சின்னதுதான், ஆனா மனசு கனத்துப் போச்சு. அது என்ன கீ? எவ்ளோ மெதுவா பாடணும்? கடைசில மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?

பதில்: கீ ஈ மைனர் (மைனர்னா பொதுவா சோகச் சாயல்), தாளம் 3/2. அந்தக் கனம் எங்கேர்ந்து வருதுன்னா பேஸ்லேர்ந்துதான் (அடில போற கீழ் ஸ்வர வரி), 4 பார் (தாளச் சுற்று) உள்ள ஒரே வரி ஈ-ல ஆரம்பிச்சு அரை ஸ்வரம் அரை ஸ்வரமா பி வரைக்கும் இறங்குது, அதையே 13 தடவை வாசிக்கறாங்க, மேல குரல்கள் ஒண்ணு மேல ஒண்ணா உரசிக்கிட்டே இருக்கு. பாஹ் வாழ்ந்த பரோக் காலத்துல இப்படி இறங்கற பேஸ்னாலே புலம்பல்தான்.

டெம்போவுக்கு நம்பர் தேடாதீங்க, வேகத்த நம்பரா காட்டற கருவியான மெட்ரோனோம் பேட்டன்ட் ஆனதே 1815ல. இதே இசைய பாஹ் 1714ல ஒரு கான்டாட்டாவுக்கு (குரலும் வாத்தியமும் சேர்ந்த சர்ச் இசை) எஃப் மைனர்ல எழுதியிருந்தாரு, அங்க பேஸ் நீளமான ஸ்வரமா போகும், மாஸ்ல ஒவ்வொண்ணையும் ரெண்டா பிரிச்சு துடிக்க வச்சிருக்காரு. அந்தத் துடிப்பு நிக்காம நடக்கற வேகம்தான் சரியான வேகம், ரொம்ப இழுத்தா செத்துடும், அது எனக்கு சுத்தமா பிடிக்காது.

கடைசி தடவை ஃப்ளூட், வயலின் எல்லாம் அடங்கிடும், குரலும் பேஸும் மட்டும் ரொம்ப சன்னமா ஜி மேஜருக்கு மாறும், மேஜர்னா பொதுவா சோகம் விலகின சாயல், அதான் வேற மாதிரி இருக்கு. கல்லறைல வச்சாங்கங்கற வார்த்தை அங்கதான் வருது. உடனே அடுத்த கோரஸ், உயிர்த்தெழுதல், டி மேஜர்ல ட்ரம்பெட்டோட வெடிக்கும், ரெண்டையும் சேர்த்தே கேளுங்க.