‘ப்ளெயின்’ சாக்லேட்டில் வேர்க்கடலை எங்கிருந்து வந்தது?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் மகளுக்கு ஏழு வயது. எடை 20 கிலோ. மூன்று வயதில், மேட்டுப்பாளையத்தில் என் தாய் வீட்டில் இருந்தபோது, கடலை மிட்டாய் தின்ற சில நிமிடங்களில் அவளுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தியும் மூச்சிரைப்பும் வந்துவிட்டன. தெருமுனையிலேயே மருத்துவமனை இருந்ததால் பிழைத்தாள். பரிசோதனையில் வேர்க்கடலை ஒவ்வாமை என்று உறுதியானது. பாக்கெட்டில் வரும் கம்பெனி சாக்லேட்டைப் பலமுறை சாப்பிட்டிருக்கிறாள், ஒன்றும் ஆனதில்லை. சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில், ஊட்டியில் வாங்கிய, பருப்பு எதுவும் போடாத ‘ப்ளெயின்’ ஹோம்மேட் சாக்லேட்டைத் தின்றதும் வாயைச் சுற்றித் தடித்து, தொண்டை அரிக்கிறது என்று அழுதாள். அலர்ஜி மாத்திரை கொடுத்ததும் அடங்கியது. இவளுக்குச் சாக்லேட்டே ஆகாதா? ஆபத்தில்லாத சாக்லேட் எது? கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?

பதில்: உங்கள் மகளுக்குச் சாக்லேட் ஆகாது என்று நான் நினைக்கவில்லை. கோகோவுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. பாலும் கோகோவும் சேர்ந்த கம்பெனி சாக்லேட்டை அவள் பலமுறை தின்று ஒன்றும் ஆகவில்லை என்பதால், அவை இரண்டின் மீதும் சந்தேகப்படக் காரணம் இல்லை. அன்று அவள் வாய்க்குள் போன சாக்லேட்டோடு கண்ணுக்குத் தெரியாத அளவு வேர்க்கடலையும் போயிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு.

அது எப்படிப் போயிருக்கும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், இனி எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது தானாகவே விளங்கும். குன்னூரில் ஒரு சாக்லேட் கடையின் பின்கட்டில் வேலை நடப்பதை ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். பெரிய பாளங்களாக வரும் சாக்லேட்டை உடைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கினார்கள். முதலில் வறுத்த வேர்க்கடலை கலந்த சாக்லேட்டை அச்சில் ஊற்றி, வழிந்ததைக் கரண்டியால் வழித்து, அதே பாத்திரத்தில் திரும்பப் போட்டார்கள். அடுத்து வெறும் பால் சாக்லேட். பாத்திரத்தைக் கழுவவில்லை, உலர்ந்த துணியால் துடைத்தார்கள், அவ்வளவுதான். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. உருகிய சாக்லேட்டில் ஒரு துளி நீர் பட்டாலும் அது திரிந்து மணல்போல் இறுகிவிடும். ஆகவே நீர் ஊற்றிக் கழுவுவதை இந்தத் தொழிலில் கூடியவரை தவிர்க்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளிலும் இதே சிக்கல் உண்டு. உடைந்த துண்டுகளும் வடிவம் கெட்டவையும் மறுபடி உருக்கப்பட்டு, நிறத்தை மறைக்கும் டார்க் சாக்லேட்டில் கலக்கப்படுவதும் உண்டு. எனவே பாலில்லாத டார்க் சாக்லேட் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம்.

கடையில் ‘இதில் கடலை இருக்கிறதா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்; அவர் பொய் சொல்லவில்லை. ‘இதே பாத்திரத்தில், இதே அச்சில் கடலை சாக்லேட்டும் செய்கிறீர்களா?’ என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும். தெரியாது என்று சொன்னால், வாங்காமல் திரும்பிவிடுங்கள். செய்யும்போது தப்பினாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து வகையை அடுக்கி, ஒரே இடுக்கியால் எடுத்து நூறு கிராம் நிறுத்துத் தரும் இடத்தில் கடலைத் தூள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும். இந்த மலையில் பல குடும்பங்கள் இந்தத் தொழிலை நம்பியே வாழ்கின்றன என்பதை அறிந்தேதான் சொல்கிறேன்: தனிச் சமையலறை, தனிப் பாத்திரம் என்று உறுதி சொல்ல முடியாத எந்தக் கடையின் உதிரிச் சாக்லேட்டையும், அது எவ்வளவு ‘ப்ளெயின்’ ஆனாலும், உங்கள் மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பாக்கெட் சாக்லேட்டில் உங்களுக்குத் துணை, அதன் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்து. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, வேர்க்கடலை, மரக்கொட்டைகள் (முந்திரி, பாதாம் முதலியவை), பால், சோயா போன்றவை சேர்ந்திருந்தால் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தனியாக அச்சிட வேண்டும். வேர்க்கடலை அங்கே பீநட் அல்லது கிரவுண்ட்நட் என்று இருக்கும். ‘மே கன்டெய்ன்’ என்று இருந்தால், சேர்க்கவில்லை, ஆனால் கலந்திருக்கக்கூடும் என்று பொருள். மூச்சிரைப்பு வரை போன குழந்தை என்பதால், பீநட் என்றோ பொதுவாக நட்ஸ் என்றோ ‘மே கன்டெய்ன்’ போட்ட எதையும் நான் அனுமதிக்க மாட்டேன். அந்த வரியே இல்லாவிட்டாலும் கலப்பில்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரு வகை பிடித்துப்போனால், பாக்கெட்டில் உள்ள நுகர்வோர் எண்ணை அழைத்து, அதே இயந்திரத்தில் கடலை ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒரே பெயரில் வரும் சின்ன பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் வெவ்வேறு ஆலைகளில் தயாராகலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் படியுங்கள், இதுவரை ஒன்றும் ஆகாத சாக்லேட்டையும் சேர்த்து.

எனக்கு மிகவும் பிடித்த வழி வீட்டிலேயே செய்வதுதான். கோத்தகிரிக் குளிரில் அச்சில் ஊற்றியது சீக்கிரமே இறுகிவிடும். மேற்சொன்னபடி விசாரித்துத் தேர்ந்த பாளம் ஒன்றும், புதிதாக வாங்கிய சிலிகான் அச்சும், கடலை படாத ஒரு பாத்திரமும் போதும். கொதிக்கும் நீரில் வேண்டாம்; கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான நீரின் மேல் வைத்து மெல்ல உருக்குங்கள். மொறுமொறுப்புக்காகப் பொரி சேர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் பொரிக்கடையில் நிலக்கடலையையும் அதே மணலில் வறுத்து, அதே படியால் அளந்து தருவார்கள். உதிரிப் பொரியும் உதிரி முந்திரியும் வேண்டாம். வீட்டில் துருவி உலர்த்திய தேங்காயைச் சேருங்கள், நன்றாக இருக்கும்.

‘கடலை’ என்ற சொல் நம் வீடுகளில் வீண் பயத்தையும் கிளப்புகிறது. பொட்டுக்கடலை, கடலைப் பருப்பு, கடலை மாவு எல்லாம் கொண்டைக்கடலைக் குடும்பம். வேர்க்கடலை வேறு செடி. இரண்டும் பயறு இனமே என்றாலும், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் மற்றப் பயறுகளைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். அவள் இன்று வரை சாப்பிட்டு வந்ததை நிறுத்த வேண்டாம். நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் இருக்கும். செக்கெண்ணெய் அவளுக்கு ஆகாது.

உங்கள் மாமியார் சொல்வது கைவிட வேண்டிய யோசனைதான் என்றாலும், அதில் ஓர் உண்மையின் சாயல் இருக்கிறது. லண்டனில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், முதல் வயதிலேயே வேர்க்கடலையைத் தொடங்கி ஐந்து வயது வரை தொடர்ந்து உண்டவர்களிடம் அந்த ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அது ஒவ்வாமை வராமல் தடுப்பதற்கு. வந்துவிட்ட குழந்தைக்குச் சிறு அளவில் தொடங்கிக் கூட்டும் சிகிச்சை தனியாக இருக்கிறது. மில்லிகிராம் கணக்கில் அளந்து, ஒவ்வாமை நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே அதைச் செய்கிறார்கள். அடுப்படியில் கிள்ளிக் கொடுத்துப் பார்ப்பது அவள் உயிரோடு விளையாடுவது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு வளர வளர இந்த ஒவ்வாமை விலகுகிறது. நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால், மறுபடி நிபுணரிடம் காட்டிப் பரிசோதிப்பது நல்லது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, மாத்திரையால் அடங்கியது என்ற வரி. அலர்ஜி மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். மூச்சுக்குழல் சுருங்குவதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் அது நிறுத்தாது. அவற்றுக்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றே. மேட்டுப்பாளையத்தில் மருத்துவமனை தெருமுனையில் இருந்தது. தோட்டக் குடியிருப்பிலிருந்து மலைப்பாதையில் எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும். தானாகச் செலுத்தும் பேனா வகை நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் அட்ரினலின் உள்ள ஆம்பூல், அதாவது சிறு கண்ணாடிக் குப்பி, மலிவாகவே கிடைக்கும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற கணக்கில் உங்கள் மகளுக்கு 0.2 மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். உங்கள் மருத்துவரிடம் சீட்டு வாங்கி, அவர் முன்னிலையில் வெறும் நீரை ஊசியில் ஏற்றி, கண்ணை மூடினாலும் கை தவறாது என்னும் வரை பழகிக்கொள்ளுங்கள்.

மூச்சிரைப்பு, குரல் கம்மல், தொடர் வாந்தி, துவண்டு விழுதல் இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் ஊசியைப் போட்டு 108ஐ அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளிவு இல்லையென்றால் இரண்டாவது ஊசி. அவளைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வையுங்கள். வண்டி நிற்கும் ரோட்டுக்குப் படியேறி நடக்க விடவே கூடாது. தூக்கித்தான் செல்ல வேண்டும். தெளிந்துவிட்டாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கட்டும்.

பள்ளியிலும் ஒரு ஊசித் தொகுப்பையும், எப்போது போடுவது என்று தமிழில் எழுதிய ஒரு தாளையும் கொடுத்து வையுங்கள். கை கழுவுவதற்கு சானிடைசர் போதாது, அது கடலைப் புரதத்தை நீக்காது, சோப்பும் தண்ணீரும் வேண்டும் என்பதையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கூடவே, நீங்கள் செய்த சாக்லேட்டை ஒரு சிறு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்து வைத்தால், வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் வரும்போது அவளும் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து ஒன்றை எடுத்துத் தின்னலாம்.