மூன்றாவது லைற்றா, மீற்றரா?

கேள்வி: சுன்னாகத்தில் வீட்டு முன்னறையை ஸ்ரூடியோ ஆக்கியிருக்கிறேன். 400 வோற் செக்கன் வலுவுள்ள ஸ்ரோப் (ஸ்ரூடியோ பிளாஷ் லைற்) இரண்டு இருக்கிறது. ஒருநாள் முகம் அழகாக வருகிறது, மறுநாள் ஒரு கன்னம் வெளிறிப்போகிறது. மூன்றாவது லைற் போட்டால் சரிவரும் என்கிறார் கடைக்காரர். பிளாஷ் ஒளியை அளக்கும் பிளாஷ் மீற்றர் வாங்கு என்கிறார் நண்பர். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

பதில்: மீற்றரை வாங்குங்கள். இரண்டு லைற்றையே அளக்காமல் வைத்திருக்கும்போது மூன்றாவதும் வந்தால் எது கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கமராவில் உள்ள சாதாரண மீற்றர் பார்ப்பது அறையில் கிடக்கும் வெளிச்சத்தைத்தான். ஸ்ரோப் வெடிக்கிற கணத்து ஒளி அதற்குத் தெரியாது. கமராவின் பின்திரையை நம்பினாலோ, பகலில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் தெரியும்.

செக்கொனிக் எல்-308எக்ஸ் போன்ற சின்ன மீற்றரே உங்களுக்குத் தாராளம். ஒரு ஏஏ பற்றரியில் ஓடும். பழைய 308எஸ் நல்ல நிலையில் கைமாறி வந்தாலும் எடுக்கலாம். ஒளியை வாங்கும் வெள்ளைக் குமிழ் மஞ்சளாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அளக்கும் முறைதான் முக்கியம். கமராவிலும் மீற்றரிலும் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் செக்கனில் 125இல் ஒரு பங்கு என்று வையுங்கள். பிளாஷ் போடாமல் எஃப் 8இல் (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வரவேண்டும். வராவிட்டால் ரியூப் லைற்றை நிறுத்தி யன்னலை மூடுங்கள், முகத்தில் பச்சை ஏறினால் அது பெரும்பாலும் ரியூப் லைற்றிலிருந்துதான். பிறகு பிரதான லைற்றை மட்டும் போட்டு, இருப்பவரின் நாடிக்குக் கீழே மீற்றரைப் பிடித்து, குமிழை அந்த லைற்றைப் பார்க்கத் திருப்பி அளந்து பாருங்கள். எஃப் 8 வருகிறது என்று வையுங்கள். அதை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் போட்டு, அதை நோக்கிக் குமிழைத் திருப்புங்கள். எஃப் 5.6 காட்டினால் அது பாதிப் பலம், முகத்தில் மென்மையான நிழல் விழும். எஃப் 4 என்றால் காற்பங்கு, நிழல் கனக்கும். சாமத்தியவீட்டுப் பிள்ளைக்கும் கல்யாணப் பொம்பிளைக்கும் 5.6க்குக் கீழே போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பட்டும் நகையும் பளபளக்கும்போது முகம் இருட்டில் நிற்கக்கூடாது. கடைசியாக இரண்டையும் போட்டு, குமிழைக் கமராப் பக்கம் திருப்பி வரும் எண்ணையே கமராவில் வையுங்கள்.

இந்த மீற்றர் முகத்தில் விழும் ஒளியைத்தான் அளக்கிறது. அதனால் கறுத்த முகமோ வெள்ளை வேட்டியோ கணக்கைக் குழப்பாது. நம்மவர் நிறத்தை வெளுப்பாக்காமல் உள்ளபடி எடுக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் நன்றாகவும் மறுநாள் கெட்டும் வருவதற்கு லைற் ஸ்ராண்ட் நகர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகிறது, அதாவது மீற்றரில் எஃப் 8 காட்டிய இடத்தில் எஃப் 4தான் காட்டும். தரையில் ரேப் ஒட்டி இடத்தைக் குறியுங்கள். ஸ்ரோப்பின் வலுவைக் குறைத்தபிறகு, படமெடுக்காமல் அதை அடிக்கவைக்கும் ரெஸ்ற் பட்டனை ஒருதரம் அமத்துங்கள். சில ஸ்ரோப்புகளில் மின்சாரத்தைச் சேமிக்கும் கப்பாசிற்றரில் மிச்சமிருக்கும் சார்ஜ் முதல் படத்தை வெளிறவைக்கும்.

கேள்வி: கொக்குவிலில் ஒரு ஸ்ரூடியோ மூடுகிறார்கள். பழைய ஸ்ரோப் செற்றை மலிவாகத் தருகிறார்களாம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முழு வலுவில் இருபது தரம் தொடர்ந்து அடித்து, ஒரே அமைப்பில் படமெடுத்து ஒப்பிடுங்கள். வெளிச்சம் ஏறி இறங்கினால் விட்டுவிடுங்கள். ஸ்ரோப்பின் பிளாஷ் ரியூப்பின் முனை கறுத்திருந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. அந்த மொடலுக்கு ரியூப் எங்கே கிடைக்கும் என்று விற்பவரிடமே கேளுங்கள். ஸ்ரோப் செய்த பவுன்ஸ் (Bowens) கம்பெனி 2017இல் மூடிவிட்டாலும் அதன் மவுண்ட் (லைற்றின் முன்னே சாமான் மாட்டும் வளையம்) இன்றும் பொது அளவு, அந்த மவுண்ட் உள்ளதென்றால் ஒளியை மென்மையாக்கும் புது சொப்ற்பொக்ஸும் பொருந்தும். மிகப் பழையவற்றைக் கமராவோடு இணைக்கும் சிங்க் வயரில் நூறு வோல்ற்றுக்கு மேலும் வரலாம், ஆகவே கமராவில் நேரே சொருகாமல், வயரில்லாமல் ஸ்ரோப்பை அடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிகர் வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். வயரைக் கழற்றிய பின்னும் உள்ளே ஆளைக் கொல்லும் சார்ஜ் நிற்கும்.

கடையில் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால்தான் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடும்போது பேச முடியும்.

கேள்வி: பருத்தித்துறையிலிருந்து. வெள்ளைத் துணி பின்னணி சாம்பலாக வருகிறதே?

பதில்: துணிக்குப் போதிய ஒளி போகவில்லை. அதற்குத் தனி லைற் வைத்து, துணியருகே மீற்றரைப் பிடித்து, முகம் எஃப் 8 என்றால் அங்கே எஃப் 11 வரும்வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் துணியிலிருந்து தெறிக்கும் ஒளி தலைமயிரின் ஓரத்தைத் தின்னும். ஆளைத் துணியிலிருந்து ஆறடியாவது முன்னே இருத்துங்கள்.